மலைப்பாதையும் மழைத்தண்ணீரும்

ஊரை ஒட்டிய எந்தக் குன்றில் ஏறினாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். ஒற்றையடிப் பாதை இடமும் வலமுமாக வளைந்து ஏறுகிறது. கொண்டையூசி வளைவு வரும் இடத்தில், மேல்பாதையிலிருந்து கீழ்ப்பாதைக்கு நேரே இறங்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வளைவோடுதான் நடக்கிறார்கள். அவசரக்காரர்கள் சிலர் மட்டும் குறுக்கே இறங்குகிறார்கள். ஆனால் கெட்டுக் கிடப்பது குறுக்குவழிதான். முழங்கால் அளவுப் பள்ளம், பள்ளத்தின் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் வேர், காலை வழுக்கிவிடும் பொடிக்கல். பலர் நடக்கும் வளைவுப் பாதையோ கிட்டத்தட்டத் தரைமட்டத்திலேயே இருக்கிறது. நடந்து நடந்துதான் பாதை தேய்கிறது என்றால், இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்க ஹாங்காங்கைவிடப் பொருத்தமான நகரம் எனக்குத் தெரிந்து இல்லை. அடுக்குமாடி நெரிசலுக்குப் பெயர்போன அந்த ஊரின் நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலைப் பூங்காக்கள். 1976-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டே முதல் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. 1979-ல், அப்போது ஆளுநராக இருந்த மரே மெக்லிஹோஸ் பெயரில் 100 கிலோமீட்டர் நீளப் பாதை திறக்கப்பட்டது. கிழக்கே கடலோரத்தில் தொடங்கி, 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷான் மலையைத் தொட்டுக்கொண்டு மேற்கே இறங்குகிறது அது. வழியெங்கும் 500 மீட்டருக்கு ஒரு எண் எழுதிய கம்பம். யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால், பக்கத்துக் கம்பத்தின் எண்ணைத் தொலைபேசியில் சொன்னால் போதும். இதைத் தவிர வில்சன் பாதை 78 கிலோமீட்டர், லான்டாவ் பாதை 70, ஹாங்காங் பாதை 50. மெட்ரோ ரயிலிலோ பேருந்திலோ இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் மலை. எனவே விடுமுறை நாட்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அதே ஊரில் ஆண்டுக்கு சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி கோடை மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2023 செப்டம்பர் 7 இரவு, 11 மணியிலிருந்து 12 மணிக்குள் மட்டும் 158.1 மில்லிமீட்டர் மழையை அங்குள்ள வானிலை ஆய்வகம் பதிவு செய்தது. 1884-ல் பதிவுகள் தொடங்கிய பிறகு ஒரு மணி நேரத்தில் அவ்வளவு மழை பெய்தது அதுவே முதல் முறை. இவ்வளவு கால்களும் இவ்வளவு மழையும் ஒரே சரிவில் சேரும்போது, பாதையைக் கெடுப்பதில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதலில் கால். காட்டுத் தரையில் ஒரு கைப்பிடி நல்ல மண்ணை எடுத்தால், அதில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். மண்துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் நடமாடும் சந்துகள் அவை. மழை பெய்தால் தண்ணீர் இந்தச் சந்துகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. புட்டுக் குழாயில் மாவை உதிரியாகப் போட்டால் ஆவி மேலேறும். அமுக்கி அடைத்தால் ஏறாது. மண்ணும் அப்படித்தான். காலின் கனம் விழுந்து விழுந்து துகள்கள் நெருங்கிவிட்டால், சந்துகள் மூடிக்கொள்கின்றன. இதை மண் இறுக்கம் என்று சொல்லலாம். இறுகிய மண்ணில் புல்லின் வேர் துளைத்துப் போக முடியாது. தண்ணீரும் உள்ளே இறங்காது.

இதை நாமே சோதிக்கலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பாவைப் பாதை ஓரத்தில், யாரும் மிதிக்காத மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வற்ற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பிறகு பாதையின் நடுவில் அதே டப்பாவை இறக்கி, அதே அளவு ஊற்றுங்கள். ஓரத்தில் கண்ணெதிரே மறைந்த தண்ணீர், நடுவில் தேங்கி நிற்கும். மண்ணியலாளர்கள் செய்வதும் இதுதான். அவர்களுடைய வளையம் கொஞ்சம் பெரியது, கடிகாரம் கொஞ்சம் துல்லியமானது, அவ்வளவுதான்.

எத்தனை பேர் நடந்தால் ஒரு தடம் விழும்? இதற்கு விடை காண 1993-ல் அமெரிக்காவின் டேவிட் கோல், ஸ்காட்லாந்தின் நீல் பேஃபீல்டு இருவரும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். அரை மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள சிறு பட்டைகளாகத் தரையைப் பிரிப்பது. ஒரு பட்டையை மிதிக்காமலே விடுவது. மற்றவற்றில் 25 முறை, 75 முறை, 200 முறை, 500 முறை என்று நடப்பது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை செடிகொடி எவ்வளவு மிச்சம் என்று அளப்பது. பல வகைக் காடுகளிலும் புல்வெளிகளிலும் இதைச் செய்து பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. சேதத்தின் பெரும்பகுதியை முதலில் நடப்பவர்களே செய்துவிடுகிறார்கள். நடப்பவர் எண்ணிக்கை இரட்டிப்பானால் சேதம் இரட்டிப்பாவதில்லை. ஏற்கெனவே மொட்டையாகிவிட்ட இறுகிய மண்ணில் அடுத்த நூறு பேர் செய்யக்கூடியது அதிகமில்லை.

புதிரின் பாதி இங்கே அவிழ்கிறது. வளைவுப் பாதையில் ஆயிரம் பேர் நடந்தாலும் அது ஏற்கெனவே இறுகிய தரை. குறுக்குவழியிலோ, மென்மையான தரையை மொட்டையாக்க அந்தச் சில பேரே போதும். ஆனால் மண் இறுகும்போது தரை சில சென்டிமீட்டர்தான் அமுங்கும். முழங்கால் ஆழப் பள்ளம் எப்படி வந்தது? அந்த மண் எங்கே போனது?

மழையைப் பார்ப்போம். மரக்கிளை, புதர், தரையில் கிடக்கும் சருகு என்று பல அடுக்குகளில் பட்டு வேகம் இழந்துதான் மழைத்துளி காட்டு மண்ணைத் தொடுகிறது. மொட்டைத் தரையில் அதே துளி நேராக விழுந்து மண்துகளைத் தெறிக்கவைக்கிறது. இறுகிய மண் நீரைக் குடிக்காததால், விழுந்ததெல்லாம் மேலேயே ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீர் வேகம் பிடித்துவிட்டால் நிலைமையே மாறிவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு அல்ல, 64 மடங்கு ஆகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆற்றுநீரைக் குறித்துப் போட்ட கணக்கு இது. பாதையில் ஓடும் சிறு வாய்க்காலிலும் போக்கு இதுவே. மணலைக்கூட அசைக்காத மெல்லிய ஓட்டம், சரிவு கொஞ்சம் கூடியதும் கூழாங்கல்லை உருட்டுகிறது.

இனித் தேவைப்படுவது ஒரே ஒரு கருத்து: சரிவுக்கோடு. மலைச்சரிவில் ஒரு பந்தை விட்டால் அது எந்த வழியாக உருண்டு இறங்குமோ அதுதான் அந்த இடத்தின் சரிவுக்கோடு. தண்ணீரும் அந்த வழியில்தான் போக விரும்பும். குறுக்குவழி பெரும்பாலும் இந்தக் கோட்டின் மீதே இறங்குகிறது. அதன் இரு கரைகளும் ஒரே உயரம். தடம் ஒரு விரல் ஆழம் அமுங்கியதும், உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கடைசிவரை தடத்திலேயே ஓட வேண்டும். ஓட ஓடத் தடம் ஆழமாகிறது. ஆழமாக ஆக, பக்கத்துத் தண்ணீரும் வந்து சேர்கிறது. இந்த நிலை வந்த பிறகு அந்த வழியில் ஒருவர்கூட நடக்க வேண்டியதில்லை. பள்ளம் தானே வளரும்.

வளைவுப் பாதையோ சரிவைக் குறுக்காக வெட்டிப் போகிறது. அதன் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் கடந்து மறுபக்கம் விழுந்துவிடுகிறது. அங்கே அது ஓடுவது பாதையின் அகலத்துக்கு மட்டும்தான், இரண்டு மூன்று அடி. பாதையின் நீளத்துக்கு ஓடினால்தான் ஆபத்து.

பாதை அமைப்பவர்கள் இதையே அரைவாசி விதி என்று வைத்திருக்கிறார்கள். சரிவைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். 100 மீட்டர் கிடைமட்டத் தூரத்துக்கு 10 மீட்டர் ஏறினால் 10 சதவீதச் சரிவு. மலைச்சரிவு 40 சதவீதம் என்றால், பாதையின் ஏற்றம் அதில் பாதியான 20-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையைக் கடக்காமல் பாதையோடு திரும்பிவிடும். பாதி என்பதற்காக 20 வரை போகலாம் என்றும் இல்லை. நீண்ட தூரத்துக்குச் சராசரியாக 10 சதவீதம்தான் மண்பாதை தாங்கும் என்பது அனுபவத்தில் கண்டது. இந்த விதியில் எனக்கு வியப்பூட்டிய பகுதி வேறு. ஏறக்குறைய சமதளமான இடத்தில் 5 சதவீத ஏற்றமே விதியை மீறியதாகிவிடலாம். மலைமுகட்டின் தட்டையான பகுதிகளில் பாதைகள் சேறாகக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்: தண்ணீரைத் தள்ளிவிடத் தாழ்வான பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை.

இதெல்லாம் யூகம் அல்ல என்று எப்படித் தெரியும்? ஒரு வழி, மிக எளியது. பாதையின் இரு பக்கமும் நிலையான முளைகளை அடித்து, இடையே நூலை இறுக்கிக் கட்டி, நூலிலிருந்து தரைக்கு எவ்வளவு ஆழம் என்று சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளப்பார்கள். ஓராண்டு கழித்து அதே முளைகளில் அதே நூல். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் போன மண். ஜெஃப்ரி மேரியனும் அவரோடு பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் பாதைகளில் இத்தகைய அளவுகளைப் பல ஆண்டுகள் எடுத்தார்கள். மண் இழப்பைத் தீர்மானிப்பதில் பாதையின் ஏற்றத்துக்கும், அது சரிவுக்கோட்டோடு அமைக்கும் கோணத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டினார்கள். எத்தனை பேர் நடந்தார்கள் என்பதைவிட, பாதை எங்கே போடப்பட்டது என்பது முக்கியமாக இருந்தது.

இன்னொரு வழி மரத்தின் வேரில் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை வேர் ஒரு விதமாக வளர்கிறது. மண் அரித்து அது வெளிச்சத்துக்கு வந்ததும், அந்த ஆண்டிலிருந்து உருவாகும் மரக்கட்டையின் நுண்ணறைகள் சிறுத்து, அடிமரத்தின் கட்டையைப் போல மாறிவிடுகின்றன. வேரின் ஒரு சிறு வில்லையை அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, மாற்றம் தொடங்கிய வளையத்திலிருந்து வெளிப்பட்டை வரை எண்ணினால், மண் எத்தனை ஆண்டு முன்பு போனது என்று தெரியும். அந்த வேர் இப்போது தரைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை அளந்து ஆண்டுகளால் வகுத்தால் அரிப்பின் வேகமே கிடைத்துவிடுகிறது. ஆண்டு வளையம் தெளிவாக விழும் குளிர்நாட்டு மரங்களில்தான் இது எளிது. ஐரோப்பிய மலைப்பாதைகள் சிலவற்றின் வரலாறு இப்படித்தான் படிக்கப்பட்டது.

ஹாங்காங்கில் பிரச்சினையைக் கூர்மையாக்குவது அதன் கல். அந்த ஊர் மலைகளில் பெரும்பகுதி எரிமலைப் பாறை. சிங்கப் பாறை, தாய் லாம், காசில் பீக் போன்ற இடங்களில் கிரானைட். வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிரானைட்டை மேலிருந்து பல மீட்டர் ஆழத்துக்கு மட்கவைத்துவிட்டன. பார்த்தால் பாறைபோலவே இருக்கும். விரலால் நிமிண்டினால் உதிரும். உதிர்ந்ததை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் இரண்டு பொருள் தெரியும்: மாவாக ஒட்டும் வெளிறிய களிமண், உறுத்தும் குவார்ட்ஸ் மணிகள். களிமண், பாறையில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமம் மட்கியதால் வந்தது. குவார்ட்ஸ் மட்காது. மழை களிமண்ணைக் கரைத்து எடுத்துச் சென்றுவிட, மணிகள் மட்டும் பாதையில் தங்குகின்றன. இறக்கத்தில் காலை வாரிவிடுவது அந்த மணிகள்தான். செடியை இழந்த கிரானைட் சரிவு எப்படியாகும் என்பதற்குக் காசில் பீக் பக்கத்தில் ஓடை ஓடையாக வெட்டுண்ட செம்மண் பொட்டல்களே சான்று.

இவ்வளவு தெரிந்தும் மனிதர்கள் ஏன் குறுக்கே இறங்குகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது நியாயமல்ல. நம் உடம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டி, சாய்க்கக்கூடிய ஓடுபட்டையில் ஆட்களை நடக்கவைத்து, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்து, ஒரு மீட்டர் உயரம் ஏற எந்தச் சரிவில் மிகக் குறைவான ஆற்றல் செலவாகிறது என்று பார்த்தார். 1995-ல் அவர் சொன்ன விடை சுமார் 25 சதவீதம். அதைவிடச் செங்குத்தானால் தசைகளுக்குச் சுமை. அதைவிடத் தட்டையானால் தேவையில்லாத நடை. உலகெங்கும் மலைவாசிகளின் பழைய பாதைகள் நேரே ஏறாமல் வளைந்து ஏறுவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. பழனியில் படிப்பாதைக்குப் பக்கத்திலேயே யானைப்பாதை என்று மெல்ல ஏறும் வழி ஒன்று உண்டு. முதியவர்களும் மூட்டுவலிக்காரர்களும் அதைத் தேடிப் போவார்கள். தூரம் கூடினாலும் ஒவ்வோர் அடியும் இலேசு.

சிக்கல் எங்கே என்றால், உடம்பு கேட்பது 25 சதவீதம். மண் தாங்குவது 10 சதவீதம். மண்ணுக்குப் பிடித்த பாதை உடம்புக்குச் சுற்றுவழியாகத் தோன்றுகிறது. கண்ணுக்கு எதிரே கீழ்ப்பாதை தெரியும்போது, கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் குறுக்குவழிகளைத் தடுக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

ஒருவர் இறங்கிய தடம் அடுத்தவரை இழுக்கும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்துப் புல்வெளியில் மாணவர்கள் நடந்து உண்டாக்கிய தடங்களைப் பார்த்து, டிர்க் ஹெல்பிங், யோவாகிம் கெல்ச், பீட்டர் மோல்னார் மூவரும் 1997-ல் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டார்கள். அதில் வரும் நடையர்களுக்கு இரண்டே ஆசை: போகும் இடத்தை நோக்கி நடப்பது, முடிந்தால் ஏற்கெனவே மிதிபட்ட தரையில் நடப்பது. ஒவ்வோர் அடியும் புல்லைக் கொஞ்சம் நசுக்கும். நடக்காத இடத்தில் புல் மெல்ல மீளும். இவ்வளவே விதி. கணினியை ஓடவிட்டால், வளாகத்தில் இருப்பதைப் போன்ற தடங்களே திரையில் உருவாயின. யாரும் திட்டமிடவில்லை, முதல் சிலரின் தடமே பிறருக்குத் திட்டம் ஆகிவிட்டது. மலையில் புதிய குறுக்குவழி ஒன்று தெரிந்தவுடனேயே அதன்மேல் காய்ந்த கிளைகளைப் போட்டு மூடுவதன் காரணம் இதுதான். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டால் கிளையால் பயனில்லை.

நல்ல பாதை அமைப்பாளர் தடுப்புவேலியை நம்புவதில்லை. மேல்பாதையிலிருந்து கீழ்ப்பாதை தெரியாதபடி, பெரிய பாறைக்கோ அடர்ந்த புதருக்கோ பின்னால் வளைவை வைக்கிறார். தண்ணீருக்கு அவர் செய்வது இரண்டு. பாதையின் மேற்பரப்பைப் பள்ளத்துப் பக்கம் ஒரு துளி சாய்த்துவிடுகிறார், இது வெளிச்சாய்வு. பிறகு, ஏறிக்கொண்டே போகும் பாதையை ஆங்காங்கே சில அடி தூரம் இறங்கவைத்து மறுபடி ஏற்றுகிறார். நடப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பாதையோடு ஓடிவரும் தண்ணீர், அந்தத் தாழ்வில் வந்ததும் வெளியே விழுந்துவிடும். அடுத்த தாழ்வுவரை புதிதாகத்தான் சேர வேண்டும். வேகம் பிடிக்க நேரமில்லை.

ஹாங்காங்கில் பல இடங்களில் இதற்கு மாறாக கான்கிரீட் போட்டார்கள். ஒருமுறை போட்டால் சேறு இல்லை, செலவு இல்லை என்பது கணக்கு. 2016-ல் மலையேறிகள் இதை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். எதிர்ப்பு அழகுணர்ச்சியிலிருந்து மட்டும் வரவில்லை. கான்கிரீட் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சாது. விழுந்த மழை முழுதும் அதன் ஓரத்துக்கு ஓடி, அங்கிருக்கும் மண்ணை அரித்து, கான்கிரீட்டின் அடியையே குடைகிறது. கான்கிரீட் படிகளின் உயரம் எல்லோருடைய எட்டுக்கும் பொருந்துவதில்லை. முழங்கால் வலிக்கிறவர்கள் படியை விட்டு இறங்கிப் பக்கத்து மண்ணில் நடக்கிறார்கள். அங்கே சரிவுக்கோட்டில் இன்னொரு பள்ளம் தொடங்குகிறது. அதன் பிறகு, பூங்காக்களைப் பராமரிக்கும் வேளாண், மீன்வள, பாதுகாப்புத் துறை உள்ளூர்க் கல்லாலும் மரத்தாலும் பாதைகளைச் சீர்செய்யும் முறைக்கு அதிக இடம் கொடுத்தது. தன்னார்வலர்களுக்கும் அந்தக் கைவேலையைக் கற்றுத் தந்தது. கான்கிரீட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் நெருக்கும் இடத்தில், சரிவைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், கெட்டியான படிதான் வழி. ஆனால் வளைத்துப் போட்டிருக்க வேண்டிய பாதையை நேரே போட்டுவிட்டு, அதைக் காப்பாற்ற கான்கிரீட் ஊற்றுவது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பது.

கல்வேலையின் நுணுக்கம் பார்க்கத் தகுந்தது. பாதைக்குக் குறுக்கே, நேராக அல்லாமல் சாய்வாக, ஒரு வரிசைக் கற்களைப் பதிப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் இரண்டு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெருமழையே அதைப் பெயர்த்துவிடும். தண்ணீர் கல்லில் முட்டி நிற்கக் கூடாது, கல்லைத் தடவியபடி வெளியே திரும்ப வேண்டும், அதற்குத்தான் சாய்வு. வெளியேறும் வாயில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் மழைக்காலம் தொடங்கும் முன் மண்வெட்டியோடு ஒருவர் போய், ஒவ்வொரு வாயையும் தூர்வாரிவிட்டு வருவது, பாதைப் பராமரிப்பில் மலிவான வேலை, பலன் அதிகம் தருவதும் அதுவே.

நடப்பவர் பங்கு சேற்றில் இருக்கிறது. பாதை நடுவே தண்ணீர் தேங்கியிருந்தால் செருப்பு நனையாமல் ஓரமாகப் போவது நம் வழக்கம். ஓரத்துப் புல் இன்னும் இறுகாத தரை; கோல், பேஃபீல்டு முறையில் கண்டதுபோல் முதல் சில கால்களே அதை மொட்டையாக்கிவிடும். பிறகு அதுவும் சேறாகும். அடுத்தவர் இன்னும் ஓரமாகப் போவார். ஓரடிப் பாதை பத்தடி அகலச் சேற்றுக் களமாவது இப்படித்தான். காலணி நனைந்தாலும் நடுவிலேயே நடப்பவர், ஏற்கெனவே இறுகிய மண்ணை மிதிக்கிறார். அங்கே அவரால் கெடுவதற்கு அதிகம் மிச்சமில்லை.